தாளின் எடை

ஆலை மூடிய பிறகும்
ஐந்தே காலுக்கு விழித்துக்கொள்கிறாள் இர்மெலி.
ஏரி உறைந்து கிடக்கிறது.
புகையில்லாத வானம்
கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது.

பதினேழு விண்ணப்பங்கள்.
பதில் வந்தவை நான்கு.
நான்கிலும் 'வருந்துகிறோம்'.
யாரும் அவ்வளவு வருந்தியதாகத் தெரியவில்லை
என்றாள் நாயிடம்.

இன்று பதினெட்டாவது.
குவோபியோவில் ஒரு மருந்துக் கிடங்கு.
மேசைக்கு அப்பால் இருந்த இளைஞன்
படிவத்தை நீட்டினான்.
"கணினி தெரியுமா?"
"கொஞ்சம்."
"வேறென்ன தெரியும்?"

இருபத்தாறு வருடம் காகிதம் ஓடிய விரல்கள்.
தாளின் ஓரத்தை
ஒரே ஒருமுறை உரசிப் பார்த்தாள்.
"கட்டின்மேல் எண்பது கிராம் என்றிருக்கும்.
எழுபத்தைந்துதான்.
காசு மட்டும் எண்பதுக்குக் கொடுக்கிறீர்கள்."

அவன் சிரிக்கவில்லை.
மருந்துத் தராசை எடுத்துவர
எழுந்து போனான்.

இர்மெலி
கோட்டைக் கழற்றி
நாற்காலியில் மாட்டினாள்.