நாலு விருமாயி

காளவாசல் சிக்னலுக்கு நாலு கட்டடம் தள்ளி
மூன்றாம் மாடி, ஏசித் தண்ணீர் சொட்டும் அறை.
ஆளைச் சேர்த்துவைப்பது என் வேலை.
கல்யாணத் தரகு இல்லை.
ஒருத்தியை அவளோடேயே சேர்ப்பது.

உசிலம்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் கா. விருமாயி, 34.
செக்கானூரணி லேபில் வீருமாயி, நெடில் போட்டு, 29.
எங்கள் கவுண்டரில் விருமாயி காசிமாயன்,
பிறந்தது ஜனவரி ஒன்று.
எங்கள் கணினியில் ஜனவரி ஒன்றுக்காரர்கள்
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தேதி தெரியாதவர்கள் எல்லாரும்
ஒரே நாளில் பிறந்துவிடுகிறார்கள்.

நாலாவது விருமாயி பெரியாஸ்பத்திரியில்.
பெனிசிலின் சேராது என்று யாரோ பயிற்சி டாக்டர்
கோழிக் கிறுக்கலில் எழுதி
அதைப் படம்பிடித்து ஏற்றியிருக்கிறார்கள்.
படத்துக்குள் எழுத்து இருப்பது
எந்த மெஷினுக்கும் தெரியவில்லை, ஏழு வருஷமாக.

சர்க்கரை ஓரிடத்தில் நூற்றெண்பது,
இன்னோரிடத்தில் பத்து.
ரத்தம் ஒன்றுதான்,
மரக்கால் வேறு.

பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார்:
இனி எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே பாஷை பேசும்.
காமாலைக்கு ஒரு எண், காய்ச்சலுக்கு ஒரு எண்.
கிறுகிறுப்புக்கு? என்றேன்.
மூன்று எண் காட்டினார்.
‘படபடன்னு வருது’ என்றால்?
தேடி எடுத்துவிட்டார்.
‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றால்?
அதற்குள் டீ வந்தது.

எட்டு மாதம் பிடித்தது.
நெடிலைக் குறிலாக்கி,
பத்தைப் பதினெட்டால் பெருக்கி,
படத்தில் தூங்கிய பெனிசிலினை
எழுத்தெழுத்தாய்த் தட்டி எழுப்பி.
விருமாயி மட்டுமா, அவளைப் போல நாற்பதாயிரம் பேர்.

ஆடி முடியுமுன் ஒரு ராத்திரி
மூச்சு இளைக்க ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
மருந்தை ஊசியில் ஏற்றிவிட்ட அமலோற்பவம் சிஸ்டர்
திரையில் சிவப்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.
வேறு மருந்து போனது.
காலையில் எனக்குச் சேதி வந்தபோது
இட்லிக் கடையில் இன்னும் இரண்டு வை என்றேன்.

ஆனால் கதவைத் திறக்கக் கேட்ட ஆறு இலக்கம்
போனது காசிமாயன் போனுக்கு.
அட்டை போட்ட நாளில் கொடுத்த நம்பர் அவனுடையது.
நாலு, நாலு, ஒண்ணு என்று
கேஷுவால்டி முழுக்கக் கேட்க வாசித்தானாம்.

பெனிசிலின் மட்டுமா வந்தது?
மூன்றாவது பெண் பிறந்த அன்று
உசிலம்பட்டியில் அவளே கேட்டு வைத்துக்கொண்ட காப்பர் டி.
தேதியோடு, எண்ணோடு,
எந்த ஊர் டாக்டரும் படிக்கும்படி.
பையன் வேண்டுமென்று அவன்
அழகர்கோயிலுக்கு நேர்ந்து தாடி வளர்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.
செக்கானூரணியில் மெடிக்கல் வைத்திருக்கும்
அவன் மச்சானுக்கு வரும்.

டிஸ்சார்ஜ் ஆன நாலாம் நாள் மாடியேறி வந்தாள்.
புறங்கையில் பிளாஸ்டர் பிரித்த தடம்.
ஃபைலில் மூன்றாம் பக்கத்துக்கு அடுத்து ஐந்தாம் பக்கம்.
‘பேப்பர நான் பாத்துக்கிட்டேன்.
கம்ப்யூட்டர நீங்க பாருங்க.’

அழிக்க முடியாது, அது விதி.
ஆனால் ஒரு பட்டியலின் அடியில்
‘இவ்வரி பகிரற்க’ என்றொரு கட்டம் உண்டு.
யார் வைத்த செந்தமிழோ.
ஒருவரும் தொட்டதில்லை,
நானே அன்றுதான் முழுக்க வாசித்தேன்.
அவசரமென்றால் டாக்டர் திறக்கலாம்,
திறந்தவர் பெயர் பதிவாகும்.
அதையும் சொன்னேன். தலையாட்டினாள்.
ஆனால் அதற்கும் ஆறு இலக்கம் வேண்டும்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
உள்ளே ஒரு சிம்.
அரசரடியில் முந்தாநாள் வாங்கியது. போன் இல்லை.
அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
பழைய நம்பரை எடுத்துவிட்டு இதைப் பதிந்தேன்,
என் போனின் இரண்டாவது பொந்தில் சிம்மைப் போட்டேன்.
கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.
டிங் என்றது.

நான் பார்க்காமல் அவளிடம் நீட்டினேன்.
தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பதுபோல்
கண்ணைச் சுருக்கி,
வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு,
அவளே அமுக்கினாள்.