ஒப்புகைச் சீட்டு

நாகப்பட்டினத்தில் கொடுத்த மனு
மாவட்டம் பிரிந்தபோது
மற்ற கட்டுகளோடு லாரியேறி
மயிலாடுதுறைக்கு வந்து
ஒரு வருடம் தூங்கி எழுந்தது.
கொள்ளிடப் படுகையில் ரெண்டு ஏக்கர் கரும்பு,
நாணலுக்குள் பன்றி
என்று எழுதியிருந்தேன்.
எத்தனை பன்றி என்று கேட்டார் தாசில்தார்.
வரிசையில் நிற்காதுங்க ஐயா.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர்
என்னைப் பற்றி மூன்று வீட்டில் விசாரித்தார்.
அகோரமூர்த்தி கோபக்காரனா?
பேருலதான் என்றாராம் டெய்லர் கமாலுதீன்.

புத்தி சரியாக இருக்கிறதென்று
சீர்காழி ஆஸ்பத்திரியில் முத்திரை வாங்கினேன்.
அதில் ஒரு நகலை என் மனைவி
அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்,
சண்டை வந்தால் எடுத்துப் படிக்க.

திருச்சிக் கடையில் ஒற்றைக்குழல்.
இருபத்தைந்து தோட்டா,
தோட்டாவுக்கும் கணக்கு, கணக்குக்கும் கையெழுத்து.
மூன்று கரும்பு வெட்டுக்கும்
வானத்தை மட்டும்தான் சுட்டேன்.
பன்றிகள் ஓடின, திரும்பி வந்தன, ஓடின.
வலது தோள் பழகிக்கொண்டது.
இடது காதுக்குள்
சில்வண்டு ஒன்று புகுந்து
பகலிலும் கத்துகிறது.

தோட்டாக் கணக்குக் காட்டப் போன அன்று
சத்தத்தை அமுக்குகிற குழாய் ஒன்று,
சில நாடுகளில் மனுப் போட்டு, வரி கட்டி,
மாதக்கணக்கில் காத்திருந்து
சட்டப்படி வாங்கலாமாமே என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
எழுத்தர் தையல்நாயகி பேனாவை மூடினார்.
"இங்க அதுக்குப் படிவமே கிடையாது சார்.
வச்சிருந்தா உள்ள போகணும்.
சுட்டா ஊருக்குக் கேக்கணும்ல?"
நான் படியிறங்கும்போது
பின்னாலேயே வந்து சொன்னார்:
"பஞ்சு வச்சுப் பாருங்க."

தேர்தல் அறிவித்தார்கள்.
துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றி
டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிப்போய் ஒப்படைத்தேன்.
எண், தேதி, தோட்டா பதினொன்று,
ஒப்புகைச் சீட்டு.
வேற ஏதாவது இருக்கா என்றார் ஏட்டு.
இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.
கடுக்கன் எல்லாம் வேண்டாம், போங்க என்றார்.

அன்றிரவே வந்தன.
தகர டின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
தட்டவில்லை.
வரப்பில் உட்கார்ந்து
கரும்பு முறிவதை
வலது காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.
என்ன நிதானம்,
என்ன நிதானமாகச் சாப்பிடுகின்றன.