சோங்கு

குழலை வீட்டில் வைத்துவிட்டு
துவக்குச் சோங்கை மட்டும் உரப்பையில் சுற்றி
பாலம்போட்டாறிலிருந்து திருகோணமலை பஸ்ஸில் வந்தார்
கதிராமத்தம்பி.
பன்றிக்காவலில் டிராக்டரால் விழுந்ததாம்.

முதிரைக்கட்டை.
நசிந்த இடங்களில் ஈரச்சீலை விரித்து
சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தேன்.
ஆவி குடித்து மரம் எழும்பியது,
ஊறின நெல்லுப்போல.
வெடிப்புக்குப் பசை விட்டு
சைக்கிள் டியூப்பால் இறுக்கி
இரண்டு இரவு.

விழுந்தால் நுனி சிதறும்.
இது கழுத்தில் முறிந்திருக்கிறது,
குழலைப் பிடித்து ஓங்கினால் முறிகிற இடம்.
பசை விடுமுன் ஊசியால் கிண்டினபோது
ஒரு மயிர் வந்தது.
பன்றி மயிர் குத்தும்.
இது மெல்லிசு, நரை.

மூன்றாம் பூச்சு எண்ணெய் காய்கிறது.
நெல்லு லொறிக்காரன் ஏதோ கதைக்கையில் சொன்னான்:
கதிராமத்தம்பியின் தமையன்
தலையில் துவாயோடு திரிகிறாராம்,
பத்தினியம்மன் கோயிலுக்குள்ளும்
அவிழ்க்கவில்லையாம்.