ஏழாவது வாக்குறுதி

குடியாத்தம் சந்தப்பேட்டையில்
நவஜோதி ஆப்செட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர்.
பங்குனி பிறந்ததிலிருந்து
நான்கு கட்சியும் அதில்தான் குடித்தனம்.
ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தர் கண்ணில் படக்கூடாதென்று
முதலாளி முனிரத்தினம் பெயர் வைத்தார்:
இட்லி, பொங்கல், பூரி, தோசை.

இட்லி சென்னையிலேயே வெந்து வந்துவிடும்.
தொகுதியின் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம்,
நிரப்பினால் போதும்.

பூரிதான் உப்பும், அமுங்கும்.
முதல் நாள் வந்த தாளில்
ஒன்று: பாலாற்றில் தண்ணீர்.
மறுநாள் வேட்பாளரின் மச்சான் தணிகைவேலு
வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு,
"தண்ணிய மூணுக்குத் தள்ளு ஜெயப்பிரதா,
மேல புறவழிச்சாலை வரட்டும்."
சாயங்காலம் அவர்களுக்குத் தோல் ஷாப்காரர்களோடு பிரியாணி.
ராத்திரி ஒன்பதுக்குப் போன்:
"ஒன்பதுல இருக்கட்டும் அது.
ஆறுன்னு போடாதே. நீர்வளம்னு போடு."

மவுஸால் பிடித்து இழுத்தேன்.
மணல்கூட மிச்சமில்லாத ஆறு
ஆறு வரி தாண்டி
சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

கடைக்குக் கழிவறை கிடையாது.
பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும், ஐந்து ரூபாய்.
பெண்கள் பக்கம் மூன்று கதவு,
மூன்றிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
நான்கு நான்கு ஆணி ஓட்டை.
ஒரு கை கதவில்.
மற்றதெல்லாம் இன்னொரு கையில்.
மாதத்தில் நான்கு நாள் இரண்டு கையும் வேண்டும்;
அப்போது வெளியே நிற்கிற யாரையாவது
அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா என்று கேட்க வேண்டும்.
முகம் தெரியாத எத்தனையோ அக்காக்கள்
எனக்குக் கதவாக நின்றிருக்கிறார்கள்.

பூரியில் ஏழு காலியாகவே இருந்தது.
அண்ணன் சொல்வார் என்றார் தணிகைவேலு.
அண்ணன் சொல்லவில்லை.
விடிவதற்குள் பத்தாயிரம் பிரதி ஓட வேண்டும்.
அடித்தேன்:
பேருந்து நிலையப் பெண்கள் கழிவறைக்கு
உள்பக்கம் தாழ்ப்பாள்.

புரூஃபில் அவர் போட்டோவைத்தான் பார்த்தார்.
"மீசை எடுப்பா இல்லையே."
கறுப்பைக் கூட்டினேன்.
கையெழுத்துப் போட்டார்.

நெல்லூர்பேட்டையில் திறந்த வேன்.
வேட்பாளர் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார்.
ஆறில் வந்த வேகத்தில் ஏழிலும் இறங்கிவிட்டார்.
தாழ்ப்... என்றார்.
மைக் கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது.
...பாள்!

பீடி சுற்றுகிறவர்கள்,
தீப்பெட்டிக் கம்பெனியில் பாதி நாள் விட்டு வந்தவர்கள்,
முந்நூறு ரூபாய்க்கு உண்டான கைதட்டலை
அப்போதே தட்டி முடித்துவிட்டவர்கள்
இதற்குத் தங்கள் சொந்தக் கணக்கில் தட்டினார்கள்.
ஒருத்தி விசிலே அடித்தாள்.

காலையில் கடை திறக்குமுன் பொங்கல் வந்து நின்றது.
"நமக்கு அது முதல்ல வரணும்மா,
தாழ்ப்பாள் சிவப்புல."
தோசை, "நாங்க எவர்சில்வர் தாழ்ப்பாள்."
இட்லி சென்னைக்குப் போன் போட்டு
அனுமதிக்குக் காத்திருந்தது.
மூன்று இடத்தில் ஒட்டினேன்,
மூன்று இடத்திலும் வேறு ஏதோ ஒன்று
கீழே போனது. பீடிக் கூலி, பள்ளிக்கூடக் கூரை.
அதை நான் அப்போது பார்க்கவில்லை.

முனிரத்தினம் கண்ணாடியை இறக்கி
"அந்த ஏழு யாருது?" என்றார்.
பூரியோடது சார் என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை,
டீ மட்டும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

எண்ணுகிற நாள். கத்திரி.
பகல் பதினொன்று,
தகரக் கதவு உள்ளங்கையைச் சுடுகிறது,
துப்பட்டா முனையைச் சுற்றிப் பிடித்திருக்கிறேன்.
வெளியே சரவெடி, விடாமல், ரொம்ப நேரம்.
பெண்கள் பக்கத்துச் சுவர் அதிர்கிறது.
யாரோ யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்,
கோஷத்தில் பெயர் மட்டும் வெடியில் அமுங்குகிறது.

இட்லியா, பூரியா.
எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
கதவை யார் பிடிப்பது.