ஒரு டீ கிளாஸ் டீசல்

"பெல்ட் எப்படியும் சுத்துது ஜெய்னம்பு,
கரண்டு இனாம்தானே"
என்றார் உத்திராபதி. தை மாதம், வைக்கோல் சீசன்.
அவருடைய குட்டியானைக் கூரையில் ஆறு ஸ்பீக்கர்,
நெற்றியில் நீல விளக்கு வரிசை.

பம்புசெட்டுக்கு மீட்டர் இல்லாத பக்கம் இது.
இனாம் என்ற சொல்லோடு மல்லுக்கட்ட முடியாது.
கூத்தாநல்லூர்க் கடையின் பின்புறம்
டயர் கழற்றிய சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன்,
ரிம்மில் பெல்ட் மாட்டி
பழைய ஆல்டர்னேட்டரோடு பூட்டியது.
ஏறி மிதிங்க என்றேன்.
காற்றை மிதிப்பதுபோல் மிதித்தார், சிரித்தார்.
ஹெட்லைட் பல்பின் சுவிட்சைப் போட்டேன்.
நடவு வயலில் கால் இறங்கியதுபோல்
பெடல் இறுகியது.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
எட்டு நிமிடம் மிதித்தார்
பல்பையே முறைத்தபடி.

மறுநாள் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டார்.
எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பதினோராம் நாள்
வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
வெண்ணாற்றுக் கரையில்
நிலா போதுமென்று லைட்டை அணைத்திருக்கிறார்,
டீசல் மிச்சம் பிடிக்க.
ரோட்டில் தார்ப்பாய் மூடிய நெல்.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
வண்டிக்கு முகமில்லை.

செலவு உண்டு என்று காட்டினேனே தவிர
எவ்வளவு என்று சொல்லவில்லை.
இரண்டு ஹெட்லைட்டும் ஒரு மணி நேரம் எரிய
ஒரு டீ கிளாஸ் டீசல்,
அதுவும் தளும்பாமல்.

ஆல்டர்னேட்டரைப் பிரித்தால்
விசிறி இடுக்கெல்லாம் நெல்.
ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.
எதிரே ஸ்டூலில் அவர்,
நெற்றியில் பிளாஸ்திரி.
"பேட்டரிய சிமெண்டுத் தரையில வச்சா
சார்ஜ் இறங்கிடுமாமே?"

ஊசி நிற்கிறது.