முப்பத்தோராவது குப்பி

விடியுமுன்னே சின்ன ஏர்வாடிக் கரையில் நின்றோம்
ரஹ்மத் நிஷாவும் நானும்.
மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில்
ஐஸ், முப்பது குப்பிகள்.
எத்தனை கழுவியும் நெத்திலி வாடை போகவில்லை.

ஒரு மணி நேரம் எதுவும் தின்றிருக்கக் கூடாது,
வெற்றிலை ஆகாது, காறக் கூடாது,
தலையைக் கொஞ்சம் குனிந்து
ஊறுவதை அதுபாட்டுக்கு வழியவிடுங்கள் என்றேன்.
பாசிக்குக் கிளம்பிய பெண்கள் சிரித்துவிட்டார்கள்.
"பச்சப்புள்ள மாதிரி வடிக்கச் சொல்றா."

முத்திருளாயி சிரிக்கவில்லை.
விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"பல்லுல நோவுன்னா பல்லப் பாரு,
எச்சியில என்னத்தப் பாப்ப?"

ஈறு கெடத் தொடங்கினால்
வலிக்குமுன், ரத்தம் தெரியுமுன்
சில புரதங்கள் எச்சிலில் கூடும் என்றேன்.
கூடலாம், என்று திருத்தினேன்.
இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை.

"கச்சான் திரும்புமுன்ன தண்ணி நெறம் மாறுமே, அதுவா?"
அது மாதிரிதான் என்றேன்.
அது மாதிரிதானா, எனக்குத் தெரியாது.

குப்பியை அரைவாசி நிறைத்துத் தந்துவிட்டு
இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனவள்
நீச்சல் கண்ணாடியைக் கழற்றினாள்.
உள்பக்கம் துப்பி
பெருவிரலால் தேய்த்து
அலையில் ஒருதரம் அலசினாள்.
"துப்பலேன்னா ஆவி படிஞ்சிரும்.
அடியில மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எதுன்னு
ஒரு எழவும் தெரியாது."
அவள் முங்கிய இடத்தில் கொஞ்சம் நுரை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பேருந்தில் நடத்துனர் பெட்டியைத் தட்டி
என்ன மீனு என்றார்.
எச்சில், என்றாள் நிஷா.
சீட்டுக் கிழிக்க நாக்குக்குப் போன விரல்
பாதியிலேயே நின்றது.

மதுரை ஆய்வகத்தில்
தொண்ணூற்றாறு சின்னக் குழிகள்.
மஞ்சள் ஏற ஏறப் புரதம் அதிகம்.
நோயில்லாத எச்சிலும் ஒன்று வேண்டும், ஒப்பிட.
அவசரத்துக்கு நான் துப்பினேன்.

புகையிலை அதக்கும் இரண்டு பேருடையது மஞ்சள்.
வெள்ளைப் பல்வரிசைக்காரி ஒருத்தியுடையதும் மஞ்சள்.
முத்திருளாயியுடையது ஏறக்குறையத் தண்ணீர்.
கடைசிக் குழி முட்டைக்கருவாய் நின்றது.
கை தவறியிருக்கும், மறுபடி போடு என்றார் சார்.
போட்டேன்.
அதே மஞ்சள்.
பேரேட்டில் முப்பத்தொன்றின் மேல்
அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தார்.

அடுத்த நடைக்குப் போனபோது
மூட்டைப் பாசியை மணலில் உதறியபடி கேட்டாள்:
"என்னோடது என்ன சொல்லுச்சு?"
ஒண்ணும் சொல்லலக்கா.
"ஒன்னோடது?"

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னே
நாக்கை அழுத்திப் பார்த்தேன்.
உப்புக் கரித்தது.
காற்று கடலிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது.