எதிர்க் கதவு

லிஃப்ட் ஆறாவது மாடியோடு நின்றுவிடும்.
ஏழாவதில் முன்பு வேலைக்காரர்கள் இருந்தார்கள்,
இப்போது வாடகைக்காரர்கள்.
கூரை துத்தநாகத் தகடு.
பாரிஸின் சாம்பல் கூரைகளைப்
படமெடுக்க வருகிறவர்கள் யாரும்
அதன் அடியில் படுத்துப் பார்த்ததில்லை.

ஸோலேனுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஊர் விழிக்கும்போது உறங்க வேண்டியவள்.
ஜன்னல் ஒன்றுதான், மேற்கே பார்த்தது.
மேற்குக் காற்றுக்கும் வெயில் காலத்துக்கும்
கோடை என்று ஒரே பெயர் வைத்தவர்கள்
இந்த அறையில் ஒரு பகல் இருந்திருப்பார்களோ?

முதலுதவிப் பையின் பொன்னிறத் தாளைக்
கண்ணாடிக்கு வெளிப்புறமாக ஒட்டினாள்.
வெயில் திரும்பிப் போய்
எதிர்க் கட்டடத்துப் பூனையின் கண்ணில் அடித்தது.
வெப்பமானி முப்பத்தொன்பதிலிருந்து
ஒரு படி இறங்கி
யோசித்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

நனைத்த போர்வையைக் குறுக்கே கட்டினாள்.
ஒரு மணி நேரம் சொர்க்கம்.
பிறகு அறை முழுக்கப் புழுக்கம்.
போர்வையை விட்டுக் கிளம்பிய ஈரம்
போக வழி தெரியாமல்
அவள் கழுத்துக்கே வந்து சேர்ந்தது.

மின்விசிறிக்கு முன்னால் உறைந்த பாட்டில்.
முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரை குளிர்தான்.
ஆனால் பாட்டிலை உறைய வைக்க
ஃப்ரிட்ஜின் முதுகு கொதித்துக்கொண்டிருந்தது
அதே ஒன்பது சதுர மீட்டருக்குள்.
கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கணக்கு.
வெண்ணெயைத் தின்று தீர்த்துவிட்டு
பிளக்கைப் பிடுங்கினாள்.

விடுமுறை இரவு. பதினொரு மணி.
வெளியே கொஞ்சம் ஆறியிருந்தது, உள்ளே இல்லை.
விசிறியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்,
உள்ளிருக்கும் சூட்டைத் துப்பட்டும் என்று.
அப்போது கேட்டது:
கதவடியில், விரற்கடை இடுக்கில்
ஒரு சீழ்க்கை.
நடைவழியிலிருந்து காற்று
குப்புறப் படுத்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

நடைவழிக்கு ஜன்னல் கிடையாது.
எதிர் அறைக்கு உண்டு, வடக்கே.
நான்கு வருடம். அந்த ஆளைப் பற்றித் தெரிந்தது
படிக்கட்டில் விழும் சிமென்ட் தூள்,
தபால் பெட்டியில் அதெலினோ என்ற பெயர்.
தட்டினாள்.

அரைக்கால் சட்டையோடு திறந்தார்.
"நான் சத்தம் போடவில்லையே."
"இல்லை. உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும்."
"எதற்கு?"
"என் கதவும் திறந்திருக்கிறது."
அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.
வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.
பிறகு, வேலையில் மிஞ்சிய நான்கு ஓடுகளைச்
சணலால் கட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

வந்தது.
முதலில் சார்தின் வறுத்த வாடை,
அதன் பின்னால் ஈரச் செருப்பு,
போர்த்துகீசிய வானொலியில் யாரோ கோலைத் தவறவிட்ட கூச்சல்,
இருமல்,
கடைசியாகக் காற்று.
காலண்டரின் ஜூலைத் தாள்
படபடத்தது.
விடியலில் முப்பது.
குளிர் என்று சொல்ல முடியாது.
உறங்க முடிந்தது.

அதிகாலையில் அவள் விசிறியை நிறுத்த,
காற்று திசை மாறிப் போயிற்று.
அவளுடைய ப்ளீச் மணமும்
தூக்கத்தில் அவள் பேசுகிறவையும்
அவர் அறைக்கு.
என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை.
அவளும் குறட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள்.
பிறகு தகட்டின் மேல் மழை
ஆயிரம் கரண்டிகளைக் கொட்டியது.
கட்டட நிர்வாகத்தின் அறிவிப்பு ஒன்றும் வந்தது:
நடைவழியில் பொருட்கள் வைக்கக் கூடாது.

வேலை முடிந்து
காலை ஏழுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாள்.
நடைவழி காலி.
ஓடுகளை ஒரு சாண் உள்ளே தள்ளி
வாசலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்.
வேலைக்குப் போயிருக்க வேண்டும், ஆள் இல்லை.
கதவு அந்த அளவுக்குத் திறந்திருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.
குளிராகத்தான் இருந்தது.